கடல் தாண்டி வந்த பார்சல் கடைமடைக்கு ஏன் வர மாட்டேங்குது?

1/
சிங்கப்பூர்ல கிளம்பின பார்சல் சில நாள்ல சென்னைக்கு வந்துடுது. சென்னையில இருந்து தஞ்சாவூருக்கு ஒரு ராத்திரிப் பயணம். தஞ்சாவூர்ல இருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, ஒரத்தநாட்டுப் பக்கத்துல இருக்கிற ஒரு கிராமத்துக்கு வர மட்டும் ஒன்பது, பத்து நாள் ஆகுது. பல நேரம் வர்றதே இல்லை. கூரியர் பத்தி ஒரு டாக்டர் ஏன் எழுதணும்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
நம்ம டெல்டாவுல வெளிநாட்டுல ஆள் இல்லாத தெரு குறைவு. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம்னு எங்க போனாலும் சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவூதி கதைதான். முன்னாடி யாராவது ஊருக்கு வந்தா பெட்டியில கொண்டு வருவாங்க. இப்போ அங்கிருந்தே ஆன்லைன்ல ஆர்டர் போட்டு, நேரா ஊர் முகவரிக்கு அனுப்பிடுறாங்க. வர்றது சாக்லேட்டும் செருப்பும் மட்டும் இல்லை. சர்க்கரை அளவு பார்க்கிற சென்சார், தூக்கத்துல மூச்சடைப்பு உள்ளவங்களுக்கான மாஸ்க், காது கேட்கும் கருவிக்கான உதிரிபாகம், அரிய நோய் இருக்கிற குழந்தைக்கான பிரத்யேக பால் பவுடர், இதெல்லாமும் வருது.

3/
என்கிட்ட வர்ற ஒரு பையனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். கையில ஒட்டிக்கிற சென்சார் வெச்சிருக்கான். சிங்கப்பூர்ல இருக்கிற மாமா வாங்கிக் கொடுத்த கருவி. அந்த மாடலுக்கு ஒத்துவர்ற சென்சார் அங்க இருந்துதான் வரணும். அனுமதி வாங்கி, வரியும் கட்டியாச்சு. பார்சல் தஞ்சாவூர் வந்து சேர்ந்ததும் டிராக்கிங்ல, "வீடு பூட்டியிருந்தது." அன்னைக்கு அவங்க அம்மா வாசல்ல நெல்லு காயப்போட்டுட்டு, காக்கா விரட்டிக்கிட்டு முழு நாளும் அங்கதான் உட்கார்ந்திருந்தாங்க. போன் வரல. மறுநாள், "முகவரி கிடைக்கவில்லை." அதுக்கு அடுத்து, "அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது."

4/
சென்சார் இல்லாத நாள்கள்ல அந்த அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து, தூங்குற பையன் விரல்ல குத்தி சர்க்கரை பார்த்தாங்க. டைப் 1 குழந்தைகளுக்கு தூக்கத்துல சர்க்கரை இறங்கினா வெளியே தெரியாது. கவனிக்காம விட்டா வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். டிராக்கிங் பக்கத்துல தட்டின அந்த ஒரு வரிப் பொய்க்கு இந்த வீட்டுல கொடுத்த விலை இது.

5/
நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரே வார்த்தை போதும்: கடைமடை. ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சுன்னு பேப்பர்ல படம் வரும். மூணு நாலு நாள்ல தண்ணி கல்லணைக்கு வந்துடும். ஆனா பேராவூரணியிலயும் தலைஞாயிறுலயும் இருக்கிற விவசாயி அந்தப் படத்தைப் பார்த்து நாத்து விட மாட்டார். "நம்ம வாய்க்காலுக்கு வந்துச்சா?"ன்னுதான் கேட்பார். பார்சலும் அப்படித்தான். "டெலிவரிக்குப் புறப்பட்டுவிட்டது"ங்கிறது மேட்டூர் திறப்பு மாதிரி. வீட்டு வாசலுக்கு வந்தாத்தான் கணக்கு.

6/
ஏன் வர்றதில்லை? சங்கிலியைப் பாருங்க. நீங்க பணம் கட்டுறது விற்பனையாளருக்கு. அவர் ஒரு சர்வதேச கூரியர்கிட்ட கொடுக்கிறார். அது இங்க வந்து சுங்கம் தாண்டினதும் ஒரு இந்திய கூரியர் கைக்கு மாறுது. அந்த இந்திய கூரியருக்கு நம்ம டவுன்ல பெரும்பாலும் சொந்த ஆபீஸ் கிடையாது, ஏஜென்சி எடுத்த ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட பைக் வெச்சிருக்கிற ரெண்டு பசங்க. இதுல ஒவ்வொருத்தரும் தனக்கு அடுத்த ஆளுக்குத்தான் பதில் சொல்லணும். வாசல்ல காத்திருக்கிற உங்களுக்கு பதில் சொல்ல வேண்டியவர்னு இந்த வரிசையில யாருமே இல்லை.

7/
பைக்ல வர்ற பையனைத் திட்டாதீங்க. அவருக்கு பெரும்பாலும் பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் கூலி. பைக் அவரோடது, பெட்ரோலும் அவர் காசு. மருத்துவக் கல்லூரி சாலையில ஒரே தெருவுல பத்து பார்சல் கொடுத்துடலாம். அதே நேரத்துல கிராமத்துக்கு ஒத்தைப் பார்சலைத் தூக்கிட்டுப் போனா அவருக்கு கை நஷ்டம். அதனால, "அண்ணே, பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து வாங்கிக்கோங்க"ன்னு போன் வரும். சில பேர் அந்தப் போனும் பண்ணாம "வீடு பூட்டியிருந்தது"ன்னு தட்டிடுவாங்க. கிராமத்துக்குப் போனா நஷ்டம்னு கணக்கு போட்டு வெச்சது கம்பெனி. பொய் சொல்ற வேலை மட்டும் பையன் தலையில.

8/
தாமதத்தால பார்சல் லேட்டாகுறது மட்டும் பிரச்சினை இல்லை. இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்ல வைக்கணும். பயன்படுத்த ஆரம்பிச்ச பிறகு அறை வெப்பநிலையில சுமார் நாலு வாரம் தாங்கும். அறைன்னா நிழலான அறை. அக்னி நட்சத்திரத்துல தகர ஷெட்டுக்குள்ள நாலு நாள் கிடந்த பெட்டியை அந்தக் கணக்குல சேர்க்க முடியாது. கெட்டுப்போன இன்சுலின் பார்க்கிறதுக்கு அப்படியே இருக்கலாம், ஆனா வேலை செய்யாது. சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப்பையும் பொதுவா 30 டிகிரிக்கு மேல வைக்கக் கூடாது. சூட்டுல கிடந்தா தப்பான அளவு காட்டலாம். அந்த அளவை நம்பி நீங்க ஊசி போட்டுக்குவீங்க. அதனால குளிர்ச்சியில வைக்க வேண்டிய எந்த மருந்தையும் சாதாரண கூரியர்ல வரவழைக்காதீங்க. இன்சுலின் அரசு மருத்துவமனையில இலவசமாவே கிடைக்குது.

9/
"கிராமத்துக்கு வீடு வீடா கொண்டு போறது நடைமுறையில முடியாது சார்"னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க. ரெண்டு உதாரணம் சொல்றேன். ஒண்ணு, தபால்காரர். நாடு முழுக்க 1,64,000-க்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள், பத்துல ஒன்பது கிராமங்கள்ல. 1972 ஆகஸ்ட் 15-ல பின்கோடு வந்ததுக்கு அப்புறம் பின்கோடு இல்லாத ஊரே கிடையாது. நம்ம கிராமங்கள்ல பாதி வீட்டுக்கு கதவு எண் இருக்காது. எந்த ஊர்ல பார்த்தாலும் ஒரு மேலத்தெரு, ஒரு கீழத்தெரு. ஆனாலும் கிராம அஞ்சல் ஊழியருக்கு எந்த மேலத்தெரு, யார் வீட்டு மருமகள்னு தெரியும்.

10/
ரெண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின திட்டம். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இன்னைக்கு டெல்டா கிராமங்கள்ல வீட்டுக்கே போகுது. கொண்டு போறவங்க பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த பெண்கள். யார் வீட்டுல யாருக்கு என்ன மாத்திரை, எப்போ தீரும்னு அவங்களுக்குத் தெரியும். வீடு பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுல கேட்பாங்க, வயலுக்குப் போயிருந்தா சாயங்காலம் திரும்ப வருவாங்க. கடைசி வீட்டுக்குப் போறது அவங்க வேலையாவே வகுக்கப்பட்டிருக்கு, அதனால நடக்குது.

11/
தபால்துறைக்கு வக்காலத்து வாங்கறேன்னு நினைக்காதீங்க. அங்கயும் தாமதம் உண்டு. 1898-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலா வந்த அஞ்சல் அலுவலகச் சட்டம், 2023-லயும், பார்சல் தொலைஞ்சாலோ தாமதமானாலோ விதிகள்ல சொன்ன அளவுக்கு மேல பொறுப்பில்லைன்னு துறைக்குப் பாதுகாப்பு இருக்கு. இது மாறணும். ஆனா ஒரு வித்தியாசம். தபால்காரர் உங்க ஊருக்கு எப்படியும் வந்தாகணும், அது அவர் பீட். கூரியர்காரர் லாபம் இருந்தா வருவார். அவரைக் கேள்வி கேட்க, தொலைபேசிக்கு டிராய் இருக்கிற மாதிரி ஒரு தனி ஆணையமும் நம்ம நாட்டுல இல்லை.

12/
என் கோரிக்கை மூணு.
ஒண்ணு: பார்சலைக் கொடுக்க ஓ.டி.பி. கேட்கிறீங்கல்ல, கொடுக்க முடியலைன்னு பதிவு பண்றதுக்கும் ஓ.டி.பி. கேளுங்க. வாங்குறவர் போனுக்கு எண் போய், அவர் சொன்னாத்தான் "டெலிவரி முயற்சி தோல்வி"ன்னு பதிவாகணும்.
ரெண்டு: தூரக் கிராமத்துக்குப் போற பையனுக்கு கிலோமீட்டர் கணக்குல கூலி கொடுங்க.
மூணு: மருத்துவப் பொருள்னு அறிவிச்ச பார்சலைத் திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி, பக்கத்து அஞ்சலகத்துல ஒப்படைக்கிற ஏற்பாட்டை அரசு கட்டாயமாக்கணும். கடைசி பத்து கிலோமீட்டருக்கு ஆள் அங்க ஏற்கெனவே இருக்கார்.

13/
அது வர்ற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது.
முகவரி: ஊர்ப் பேர், தெரு, அஞ்சலகத்தோட பேர், வட்டம், மாவட்டம், அப்புறம் உங்க ஊரோட சொந்தப் பின்கோடு. வசதிக்காக தஞ்சாவூர் 613001-னு போடாதீங்க, பார்சல் டவுன்லயே சுத்தும். அடையாளத்துக்கு ரேஷன் கடையோ பள்ளிக்கூடமோ எழுதுங்க. இந்தியாவுல எடுக்கிற போன் நம்பரை முகவரி வரியிலேயே சேர்த்துடுங்க. அனுப்புற அண்ணனோட சிங்கப்பூர் நம்பரை மட்டும் போட்டா, கூரியர் பையன் அதுக்கு கால் பண்ண மாட்டார்.

14/
எது தபால், எது கூரியர்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? டிராக்கிங் எண்ணைப் பாருங்க. முதல்ல ரெண்டு ஆங்கில எழுத்து, நடுவுல ஒன்பது இலக்கம், கடைசியில நாட்டைக் குறிக்கிற ரெண்டு எழுத்து (சிங்கப்பூர்னா எஸ்.ஜி.) இருந்தா, அது தபால் வழி. இது உலக அஞ்சல் ஒன்றியத்தோட பொது வடிவம். 1874-ல உருவான அந்த ஒன்றியத்தோட ஏற்பாட்டுப்படி, அங்க தபால்ல போட்டதை இங்க நம்ம இந்திய அஞ்சல்துறை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வரும். வரி இருந்தா பொதுவா தபால்காரர் கையிலேயே கட்டலாம். கிராமத்துக்கு அனுப்புறவங்ககிட்ட, "தபால் வழி இருக்கான்னு பாரு"ன்னு சொல்லிடுங்க.

15/
பொய்ப் பதிவு போட்டா உடனே டிராக்கிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அன்னைக்கு உங்க போன்ல வந்த அழைப்புப் பட்டியலையும் எடுங்க. விற்பனையாளருக்கு எழுத்துல புகார் கொடுங்க. இ-காமர்ஸ் விதிகள், 2020-ன்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துல புகாரைப் பெற்றதா ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். இந்தியர்களுக்கு முறையா விற்கிற வெளிநாட்டு நிறுவனத்துக்கும் இந்த விதி உண்டு. நடக்கலைன்னா 1915-க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

16/
அதுக்கும் மசியலைன்னா தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, கம்பெனி எங்க இருந்தாலும் நீங்க வசிக்கிற இடத்துலேயே வழக்கு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பணம் கட்டினது சிங்கப்பூர் அண்ணன்னாலும், அவர் சம்மதத்தோட பயன் பெறுற நீங்களும் சட்டப்படி நுகர்வோர்தான்.

17/
மருந்துக்குத் தனி விதி இருக்கு. சொந்த உபயோகத்துக்கு மருந்தை தபால்லயோ கூரியர்லயோ வரவழைக்க, மருந்து விதிகள், 1945-ன்படி படிவம் 12ஏ-ல விண்ணப்பிச்சு 12பி அனுமதி வாங்கணும். மருத்துவக் கருவிக்கு எம்.டி.-20, எம்.டி.-21. டாக்டர் சீட்டு கட்டாயம். "அன்பளிப்பு"ன்னு எழுதி அனுப்பினா விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க. 2019 டிசம்பர்ல இருந்து அந்தச் சலுகை உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கி கயிறுக்கும் மட்டும்தான். தேசிய அரிய நோய்க் கொள்கையில இருக்கிற நோய்களுக்கான மருந்துக்கும் சிறப்பு உணவுக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படை சுங்க வரி முழு விலக்கு. மாவட்ட மருத்துவ அதிகாரி நிலையில சான்றிதழ் வாங்கணும். தெரியாம வரி கட்டிடாதீங்க.

18/
இன்னொரு ஆபத்து. பார்சல் எங்கன்னு தெரியாம தவிக்கிறவங்களைத்தான் மோசடிக்காரங்க தேடுறாங்க. "முகவரி தப்பு, இந்த லிங்க்ல சின்னத் தொகை கட்டுங்க"ன்னு மெசேஜ் வரும். "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள், போலீஸ்கிட்ட பேசுங்க"ன்னு வீடியோ கால் வரும். டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு சட்டத்துல கிடையாது. கட் பண்ணிடுங்க. பணம் போயிடுச்சுன்னா தாமதிக்காம 1930. கூரியர் ஒழுங்கா வந்தா, இந்த மெசேஜை நம்புற ஆள் பாதியா குறைஞ்சிடுவாங்க.

19/
கடைசியா டாக்டரா ஒரு வார்த்தை. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி உங்க டாக்டரை ஒரு தடவை கேளுங்க. வெளிநாட்டுல இருந்து வர்றதாலேயே ஒரு மாத்திரை உசத்தி ஆகிடாது. அதே மருந்து இங்க ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்கலாம். நிஜமாவே அங்க இருந்துதான் வரணும்னா, தீர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆர்டர் போடுங்க. கையில எப்பவும் மாற்று வழி ஒண்ணு இருக்கட்டும். சென்சார் வெச்சிருக்கிற வீட்டுல குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் இருந்தே ஆகணும்.

20/
உங்க ஊர்ப் பின்கோடைக் கீழே எழுதுங்க. அங்க எந்த வழியில அனுப்பினா பார்சல் வீடு வரைக்கும் வருது, எது பஸ் ஸ்டாண்டோட நின்னுடுதுன்னும் சொல்லுங்க. வெளிநாட்டுல இருக்கிற உங்க சொந்தக்காரங்களுக்கு இந்த இழையை அனுப்பிடுங்க, அடுத்த தடவை ஆர்டர் போடும்போது உதவும். நீங்க சொல்றதையெல்லாம் தொகுத்து எம்.பி., எம்.எல்.ஏ.வுக்கு மனுவா கொடுக்கலாம்னு இருக்கேன். கடைமடைக்குத் தண்ணி கேட்டு மனு கொடுத்துப் பழகின ஊர்தானே நம்ம ஊர். மருந்துக்கும் கேட்போம்.