ஆறு கட்டுகளும் ஒரு குச்சியும்

சென்ற ஆண்டு களப்பணிக்காக மத்தியப் பிரதேசத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் சில வாரங்கள் அமர்ந்திருந்தேன். தரையில், பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட குச்சிக் கட்டுகளும் உதிரிக் குச்சிகளும் கிடந்தன. ஆசிரியை ‘உன்சட்’ என்றார். இந்தியில் அது 59. ஒரு சிறுமி ஆறு கட்டுகளை எடுத்து முன்னால் வைத்தாள். பிறகு ஆறாவது கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவி அப்பால் போட்டாள். ஆசிரியை கையேட்டைப் பார்த்தார். அதில் ஐந்து கட்டுகளும் ஒன்பது உதிரிக் குச்சிகளும் வரையப்பட்டிருந்தன. ‘தவறு’ என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையிடம் சென்றார்.

அச்சிறுமி செய்தது தவறன்று. ‘உன்சட்’ என்பதன் பொருளே ‘அறுபதுக்கு ஒன்று குறைவு’ என்பதுதான். குறைபட்டது என்னும் பொருள்தரும் ‘ஊன’ என்ற வடசொல்லே (தமிழில் ‘ஊனம்’ ஆனதும் அதுதான்) அங்கே ‘உன்’ என்று தேய்ந்து நிற்கிறது. இந்தியில் 19 முதல் 79 வரை ஒன்பதில் முடியும் எண்கள் எல்லாம் இப்படித்தான், அடுத்த பத்திலிருந்து ஒன்றைக் கழித்துப் பெயர் பெறுகின்றன. பல குழந்தைகள் அவற்றை முழுச்சொற்களாக மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். இவள் சொல்லைப் பிரித்துக் கேட்டாள். கேட்டதைக் கையால் செய்தாள். மொழியியல் மாணவர்களுக்கு நாம் முதல் பருவத்தில் கற்பிக்கும் உருபனியல் பகுப்பாய்வை அவள் குச்சிகளைக் கொண்டு செய்து காட்டினாள் என்றே சொல்வேன்.

நம் மொழியில் இச்சிக்கல் இல்லை என்று பெருமைப்பட வேண்டாம். ‘ஐம்பத்தொன்பது’ குச்சிக் கட்டுகளோடு அழகாகப் பொருந்தும். ஐந்து பத்து, ஒரு ஒன்பது. ஆனால் தொண்ணூறு? ஒன்பது கட்டுகளைக் கையில் வைத்திருக்கும் குழந்தையின் காதில் ‘நூறு’ ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. மலையாளத்திலும் தொண்ணூறுதான். இந்திக் குழந்தை தடுக்கி விழும் இடம் வேறு, தமிழ்க் குழந்தை தடுக்கி விழும் இடம் வேறு. ஒரே கட்டு, ஒரே குச்சி. வேறு வேறு கற்றல்.

செய்துபார்த்துக் கற்கும் பொருள்களைப் பள்ளிகளிடையே பகிர்வது குறித்து இப்போது நிறையப் பேசுகிறோம். 2017இல் தொடங்கப்பட்ட தீக்‌ஷா போன்ற தளங்கள் பல மொழிகளில் பாடப்பொருள்களைத் தாங்கி நிற்கின்றன. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சில பொருள்கள் மொழியைப் பொருட்படுத்தாமலே பயணம் செய்யும். அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி வடிவங்களை எண்ணிப் பாருங்கள். சைக்கிள் வால்ட்யூப்பைத் துண்டுதுண்டாக வெட்டி, அவற்றை மூட்டுகளாக்கித் தீக்குச்சிகளைச் செருகினால், சதுரம் கைபட்டவுடன் சாய்சதுரமாகச் சரியும், முக்கோணம் அசையாது. கூரைச் சட்டங்களில் ஏன் முக்கோணங்கள் இருக்கின்றன என்பதை எந்த மொழிக் குழந்தையும் அந்த நொடியே விரல்களால் அறிந்துகொள்ளும். அதற்கு மொழிபெயர்ப்புகூட வேண்டியதில்லை.

எண் அப்படியன்று. எண்ணுக்குச் சொல்தான் உடல். ஆகவே எண் கற்பிக்கும் பொருளைப் பகிரும்போது, அது எந்த மொழியின் எண்ணுப்பெயர்களோடு இசையும், எதனோடு முரணும் என்பதையும் சேர்த்தே பகிர வேண்டும். தில்லியைச் சேர்ந்த ஜோடோ ஞான் அமைப்பு பரப்பிய ‘கணித் மாலா’ ஒரு நல்ல எடுத்துக்காட்டு. நூறு மணிகள், பத்துக்கு ஒருமுறை நிறம் மாறும் மாலை. அதில் 59ஐக் காட்டச் சொன்னால், அறுபது முடியும் இடத்தைக் கண்டுபிடித்து ஒரு மணி பின்வாங்கினால் போதும். ‘உன்சட்’ என்ற சொல் சொல்வதையே கையும் செய்கிறது. தொண்ணூறும் அப்படியே: நூறிலிருந்து ஒரு நிறம் பின்னால். குச்சிக் கட்டு இடமதிப்புக்கு உதவும். மாலை எண்ணுப்பெயருக்கு உதவும். எதை எப்போது எடுப்பது என்பதை முடிவுசெய்ய, கையேடு எழுதுபவருக்கு அந்தந்த மொழியின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் எழுதிப் பல மொழிகளில் பெயர்க்கப்படும் கையேட்டில் சொற்கள் மாறுகின்றன, படம் மாறுவதில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பகிர்வு ஒருவழிப் பாதையாகிவிட்டது என்பதுதான். இதே மாநிலத்தில் வேறொரு வழி இருந்தது. 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதியும் ரசூலியாவின் பிரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தை, 1982இல் உருவான ஏகலவ்யா பின்னர் முன்னெடுத்துச் சென்றது. அதன் சோதனைப் பெட்டியைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். அங்கே ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் எப்படிக் கெட்டது என்று பேசினார்கள். ‘பால் வைஞானிக்’ என்ற பாடநூல் அந்தப் பேச்சைக் கேட்டுத் திருத்தி எழுதப்பட்டது. குழந்தைகள் கேள்வி கேட்டுக் கடிதம் எழுத ‘சவாலிராம்’ என்றொரு கற்பனை மனிதர் இருந்தார், பதிலும் வந்தது. 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை மூடியது. பெட்டிகளை மறுபடியும் வாங்கிவிடலாம். வகுப்பறையிலிருந்து பாடநூலுக்குத் திரும்பிச் சென்ற அந்தப் பாதையை அப்படி வாங்க முடியாது.

என் பங்கையும் சொல்லியாக வேண்டும். அச்சிறுமி குச்சியை உருவிய கணம் என் ஒலிப்பதிவிலும் குறிப்பேட்டிலும் பத்திரமாக இருக்கிறது. அன்று நான் வாய் திறக்கவில்லை. ஆய்வாளர் வகுப்பில் குறுக்கிடலாகாது என்று கற்றிருந்தேன். என் ஆய்வேட்டுக்கு அது ஒரு நல்ல தரவு. அவளுக்கு அது ஒரு ‘தவறு’. மறுவாரம்தான் ஆசிரியையிடம் எண்ணின் பெயரைப் பிரித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அச்சிறுமியை அழைத்து மீண்டும் செய்யச் சொன்னார். கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஆறு கட்டுகளை வரைந்து, ஆறாவதில் ஒரு குச்சியை அடித்தார். ‘இதை நான் யாருக்கு எழுதுவது?’ என்று கேட்டார். கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினோம். ஒரு முகவரியும் இல்லை.

மராத்தியிலும் வங்காளத்திலும் 59 இதே வழியில்தான் பெயர் பெறுகிறது. மற்ற மொழிகளில் எந்த எண்ணில் சொல்லும் கையும் பிரிகின்றன என்று ஒரு பட்டியல் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். வகுப்பறையில் இதைக் கண்டவர்கள், குறிப்பாகப் பழங்குடி மொழி பேசும் குழந்தைகளோடு பணியாற்றுவோர், குழந்தை என்ன செய்தது என்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள். பென்சில் குறிப்பாக இருந்தாலும் போதும்.