முதல்ல வரைவோம், அப்புறம் கட்டுவோம்



உபயப் பதிவுக்கு ஒரு ஆப் செய்யணும்னு நம்ம இளம் தொண்டூழியர்கள் கேக்கிறாங்க. நிரல் அதிகம் எழுதாமலே ஆப் கட்டுற லோ-கோட் கருவி இருக்கு, நாமே செஞ்சிடலாம்ங்கிறாங்க. நல்ல மனசு. ஆனா என் கருத்து, இப்போதைக்கு வேண்டியது ஆப் இல்ல, ஒரு வெள்ளைப்பலகை.

போன வருஷம் ஒரே நாள் அன்னதான உபயம் ரெண்டு குடும்பத்துக்குப் போயிடுச்சு. தாத்தா நினைவு நாளுக்குன்னு பணம் கட்டின பாட்டி, பேரப்பிள்ளைகளோட வந்து நின்னாங்க. உபயதாரர் பேருல வேற குடும்பம். "பரவாயில்ல தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

தப்பு எங்கே? கவுண்டர்ல ரசீதுப் புத்தகம், வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல், ஐயர் கையில ஒரு டைரி. மூணையும் ஒத்துப் பாக்கிறது யார் பொறுப்புன்னு நாம முடிவே பண்ணல. இதுக்கு மேல ஆப் கட்டினா அதே குழப்பம் இன்னும் வேகமா நடக்கும்.

எக்ஸ்காலிட்ரா 2020ல வந்த திறந்தமூல வெள்ளைப்பலகை. இலவசம். கணக்குத் திறக்காமலே பிரவுசர்ல வரையலாம், லிங்க் அனுப்பினா எல்லாரும் ஒரே படத்துல திருத்தலாம். கோடெல்லாம் கையால கிறுக்கின மாதிரி இருக்கும். அதனாலயே கவுண்டர் அக்காகூட "இங்க தப்பு, அழி"ன்னு கூச்சப்படாம சொல்வாங்க.

ஆனா படம் பதிவேடு ஆகாது. ஒரு தேதியை ரெண்டு பேருக்குக் கொடுத்தா அது தடுக்காது. அதுக்கு ஆப்ஸ்மித், டூல்ஜெட் மாதிரி கருவிதான் வேணும். படிவம், பட்டியல், பட்டன் எல்லாம் இழுத்து வெச்சு, தரவுத்தளத்தோட இணைச்சு, நம்ம சர்வர்லயே ஓட்டலாம். ஒரு நாளுக்கு ஒரு குடும்பமா, ரெண்டு குடும்பம் சேர்ந்து செய்யலாமா? அந்த விதியை மட்டும் கருவி சொல்லாது, நாமதான் சொல்லணும்.

அப்புறம், இலவசம்னா வேலை இல்லைன்னு அர்த்தமில்ல. சர்வர், பேக்கப், அப்டேட், யார் எதைப் பாக்கலாம்ங்கிற அனுமதி, எல்லாத்துக்கும் ஆள் வேணும். முன்னாடி எக்ஸெல் செஞ்சு கொடுத்த பையன் ரெண்டு வருஷ தேசிய சேவைக்குப் போனதும் நாம திண்டாடினது ஞாபகம் இருக்கா? பக்தர்களோட விவரமும் நம்ம கையில இருக்கப் போகுது. சிங்கப்பூர்ல 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படியான தேவை மாதிரி சில காரணம் இல்லாம அடையாள அட்டை எண்ணை முழுசா வாங்கக் கூடாது. உபயத்துக்குப் பேர், நட்சத்திரம், தொலைபேசி எண் போதாதா?

"வரைஞ்சுக்கிட்டே இருந்தா எப்ப அண்ணே செய்யறது?"ன்னு தம்பிங்க கேப்பாங்க. நியாயம்தான். அதனால ஒரே ஒரு கூட்டம். கவுண்டர், சமையல்கட்டு, ஐயர், கணக்கு, எல்லாரும் உக்காந்து ஒரு படம். அதுல எல்லாரும் ஒத்துக்கிட்டா, பாத்துக்க ரெண்டு பேர் பொறுப்பேத்துக்கிட்டா, மறுநாளே ஆப் கட்ட ஆரம்பிங்க, முதல் ஆளா நான் நிக்கிறேன்.

அந்தப் பாட்டி இந்த வருஷமும் வருவாங்க. அவங்க நாள் அவங்களுக்கே இருக்கணும். உங்க கருத்தையும் கீழ சொல்லுங்க.