வாட்ஸை விட்டுட்டு கெயினைக் கேட்போம்

ஸ்பீக்கர் வாங்கப் போனா நாம முதல்ல கேட்கிறது, ‘எத்தனை வாட்ஸ்?’ மதிலோடு மதில் ஒட்டின சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளில், இஷாவுக்குப் பிறகு மெதுவா ஒரு கிராஅத்தோ பாட்டோ கேட்க உண்மையில் எத்தனை வாட்ஸ் வேணும்?

கணக்குப் பார்த்தா சிரிப்பு வரும். 1946இல் வந்த கிளிப்ஷ்ஹோர்ன் மாதிரி ஹோர்ன் ஸ்பீக்கர்கள், ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் அளவு சத்தம் தருபவை. அதில் 70 டெசிபல் கேட்க ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.

ஆனா 26 டெசிபல் கெயின் உள்ள ஆம்ப், வாற சிக்னலை 20 மடங்காக்குது. வொல்யூமைத் தொட்ட உடனே வீடு அதிருது. குமிழின் அடிப்பகுதியில் இடதும் வலதும் சமமா வராது. பாட்டு நின்றாலும் ‘ஸ்ஸ்’ இரைச்சல் நிற்காது.

ஆம்புக்கு முன்னால் பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர் போட்டு சிக்னலைக் குறைத்தா குமிழ் சொன்ன பேச்சுக் கேட்கும். ஆம்பின் சொந்த இரைச்சல் குறைய, கெயின் குறைந்த நல்ல ஆம்ப்தான் வேணும்.

ஆகவே கடையில் இரண்டு இலக்கங்களைக் கேட்போம்: ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, ஆம்பின் கெயின். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை இருக்கலாம்.