எங்கே போயிற்று மீதி?

பிள்ளையின் படிப்புக்கெனச் சிறுகச் சேமித்துப் பழைய கணினியொன்று வாங்கும் அட்டன், நுவரெலியாத் தோட்டக் குடும்பங்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பொருத்திய நினைவகம் 4 ஜிகாபைட், பயன்படத்தக்கதோ 3.25 மட்டுமே என்கிறது திரை! கொழுந்து நிறுக்கையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு கண்டு நொந்தவர்கள் ஐயுறுவது இயல்பே. ஆயினும் குறைவதெல்லாம் களவன்று என்போம் நாம்.

லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கமிடுவதுபோல, நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் கணினி இலக்கமிடுகிறது. 32 பிட் இயங்குதளம் பொதுவாக 4,294,967,296 இலக்கங்களையே கையாளும். அவற்றுட் சிலவற்றைத் திரை முதலிய உறுப்புகளுக்கு ஒதுக்கியபின், இலக்கம் கிட்டாத காம்பராக்கள் பூட்டியே கிடக்கும். கணினி இடந்தருமாயின், 64 பிட் இயங்குதளத்தை நிறுவினால் அவை பெரும்பாலும் திறந்துவிடும்.

அப்போதும் சிறிது குறையலாம். தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில், திரையிற் படங்காட்டும் பகுதியும் இதே நினைவகத்திற் பங்கு கொள்கிறது. அது வீணன்று, நாம் காணும் படத்துக்கான செலவே.

ஆனால், சரிபாதி காணவில்லையெனில் வாளாவிருத்தல் ஆகாது. நினைவக அட்டை சரியாகப் பொருந்தாதிருக்கலாம், பழுதுற்றுமிருக்கலாம். பெட்டியைத் திறந்து காட்டும்படி விற்றவரிடம் கேளுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.