டாலிகஞ்ச் டிராமும் பழைய கணிப்பொறி மொழிகளும்

கல்கத்தாவில் முதல் மின்சார டிராம் 1902-ஆம் ஆண்டில் எஸ்பிளனேடிலிருந்து கிதர்ப்பூருக்கு ஓடிற்று. அடுத்த ஆண்டிலேயே பாதை டாலிகஞ்சுக்கு நீண்டது. மேலே 550 வோல்ட் மின்கம்பி, கீழே தண்டவாளம் என்னும் அவ்வேற்பாடு நூறாண்டுக்கு மேலாகியும் அடிப்படையில் மாறவில்லை. 1986-இல் சுரங்க ரயில் டாலிகஞ்சை எட்டியதும் அவசரக்காரர்கள் அதற்கு மாறினர், அது இயல்பே. ஆனால் 2024 செப்டம்பரில், மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஒரு பாதையை மட்டும் பழம்பெருமைச் சின்னமாக வைத்துக்கொண்டு ஏனையவற்றை நிறுத்தப்போவதாக மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தது வேறு விஷயம்.

டிராமுக்குப் பற்றுடையோர் குறைவில்லை. 1996-இல் மெல்போர்ன் நகர டிராம் நடத்துநர்களும் கல்கத்தா டிராம் ஊழியர்களும் கொண்ட தோழமை 'டிராம்ஜாத்ரா' என்னும் விழாவாயிற்று. 2016-இல் டிராம் பயன்படுத்துவோர் சங்கமும் தோன்றியது. இவர்களது பற்றை வெறும் பழமை மோகம் எனத் தள்ளுவது நியாயமன்று. வண்டிகள் குறைந்தால் காத்திருக்கும் நேரம் கூடும்; நேரம் கூடினால் பயணிகள் விலகுவர்; பின்னர் பயணிகள் இல்லை என்பதே வண்டிகளை மேலும் குறைக்கக் காரணமாகக் காட்டப்படும். இவ்வட்டத்தைப் பற்று மட்டும் உடைத்துவிடாது என்பதும் உண்மையே.

கணிப்பொறித் துறையில் இதற்கு ஒப்புமை உண்டு. டாலிகஞ்சுக்கு அருகிலுள்ள ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் கூடி 1966-இல் 'இசிஜு' என்னும் கணிப்பொறியை நிறுவின. ஒரு யந்திரத்துக்கே உரிய கட்டளைகளில் எழுதிய நிரல், யந்திரம் ஓய்ந்ததும் தானும் ஓய்ந்துவிடும். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி அவ்வாறு ஓயவில்லை. யந்திரங்கள் மாற மாற அதனைக் கையாள்வோர் அதன் இலக்கணத்தைத் திருத்தி வந்தனர். இறுதியாக வெளியான திட்ட அளவை 2023-ஆம் ஆண்டினது. வானிலை முன்னறிவிப்புக் கணக்குகளில் பெரும்பகுதி இன்றும் அம்மொழியிலேயே உள்ளது. கோபோல் மொழியின் கதை சற்று வேறு. அதற்கும் புதிய திட்ட அளவை உண்டு; ஆனால் கற்றுத் தேர்ந்த இளைஞரின் வரவு குறைந்தது. 2020 ஏப்ரலில் வேலையிழந்தோர் உதவித்தொகைக்குக் குவிந்தபோது, கோபோல் அறிந்தவர்கள் முன்வரவேண்டுமென அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநரே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது.

மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாமற்போவதும், டிராமைப் பழுதுபார்க்கும் கை இல்லாமற்போவதும் ஒரே வகை இழப்பு. நோனாபுக்கூர் பணிமனையில் மோட்டாரையும் சக்கரத்தையும் பழுதுபார்க்கும் திறன் நூல்களில் முழுமையாக எழுதப்பட்டதன்று. கையோடு கையாக வருவது. சின்னமாக நிற்கும் மைதானப் பாதைக்கு அத்தகைய கைகள் பல வேண்டியதில்லை. நெரிசலும் சந்திப்புகளும் நிறைந்த டாலிகஞ்ச்–பாலிகஞ்ச் பாதை போன்ற ஒன்றில் அன்றாடப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஓடினால், பணிமனைக்கு ஆண்டுதோறும் சில பயிலுநர்களையாவது எடுத்தாகவேண்டும். சங்கத்தார் நீதிமன்றத்திலும் தெருவிலும் பாதைக்காக வாதாடுவதோடு, இப்பயிலுநர் இடங்களையும் தங்கள் கோரிக்கையில் முதலாவதாக வைக்கலாம்.