பூங்காவில் கால் பங்கு தெருக்காரர்களுக்கு

சென்னையில் புதிதாகத் திறக்கப்படும் பூங்காக்கள் பலவும் ஒரே அச்சு: சிமெண்ட் கல் பதித்த நடைபாதை, புல்தரை, சறுக்குமரம், செடியைத் தொடாதே என்றொரு பலகை. அங்கே பூச்சிக்கும் வேலையில்லை, அந்தத் தெருக்காரருக்கும் வேலையில்லை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அடையாற்றங்கரையில் குப்பைமேடாகக் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தை, ‘நிழல்’ அமைப்பும் தன்னார்வலர்களும் 2006-இல் கையிலெடுத்தார்கள். அதுதான் இன்றைய கோட்டூர்புரம் மரப்பூங்கா. நம் மண்ணின் மரங்களை நட்டு, ஞாயிறு காலைகளில் களையெடுத்து அதை வளர்த்தவர்கள் சாதாரண நகரவாசிகள். சிங்கப்பூரிலோ பூங்கா வாரியமே 2005-இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே அடுக்குமாடிகளின் அடியிலும் பள்ளி வளாகங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன.

ஒரு கறிவேப்பிலைச் செடி போதும், குழந்தைகளைக் கட்டிப்போட. எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். வெளிவரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்தபின் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு வாடையை விடும். இதை நேரில் கண்ட பிள்ளை அந்தச் செடிக்கு மருந்தடிக்க விடாது. எருக்கும் அப்படித்தான்: வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு அது. ஆனால் பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கு அது வெறும் புதர். முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

பூங்காவில் மக்களுக்கென ஒரு தோட்டம் விட்டால், செடி அடர்ந்து கொசு வரும் என்பார்கள். டெங்கு கொசு முட்டையிடுவது தொட்டியின் அடித்தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரில். வாரம் ஒருமுறை அதைக் கவிழ்க்க ஆள் இருக்கும் தோட்டமே பாதுகாப்பானது. நிலத்தை யாராவது வளைத்துக்கொள்வார்களோ என்ற அச்சம் நியாயமானது. அதற்காகத்தான் மாநகராட்சியுடன் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறோம். வேலி கூடாது, விளைச்சலை விற்கக் கூடாது, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளை மேம்படுத்துவோர் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலங்களில் இனி அமையும் ஒவ்வொரு பூங்காவிலும் கால் பங்கை அப்பகுதி மக்களின் தோட்டத்துக்கென மாநகராட்சி ஒதுக்க வேண்டும். தண்ணீர் இணைப்பும் மண்வெட்டி வைக்க ஓர் அறையும் மாநகராட்சி தர வேண்டும். பூச்சிக்கொல்லிக்கு அங்கே தடை வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அரசாணை வந்தால், இந்த ஆண்டே நாற்று நடலாம்.