பொதி கட்டும் இடத்தையும் திறந்து வையுங்கள்!

கோவில்பட்டி மில்லில் பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடும் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. கரிசல் காட்டில் பெண்கள் எடுத்த பருத்தி சுத்தமாகத்தான் இருந்தது. பொதியைப் பிரித்தாலோ ஈரமும் கல்லும் கிடக்கின்றன. காட்டில் நடக்காத மோசடி, பொதி கட்டிய இடத்தில் நடந்தது. கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே கதைதான்.

திறந்த மூல மென்பொருள் என்றால், அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். லினக்ஸ் அப்படிப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' அதன் வழி வந்ததே. ஆனால் எழுதிய நிரல் அப்படியே ஓடாது. இயந்திர மொழிக்கு மாற்றிப் பொதியாகக் கட்ட வேண்டும். இந்த வேலையைச் செய்வது, முன்கூட்டி எழுதி வைத்த கட்டளை வரிசை. அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். அது சொன்னதை இயந்திரம் மறுபேச்சின்றிச் செய்யும். ஆபத்து இங்கேதான்.

'எக்ஸ்இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. உலகெங்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அதை லாசே காலின் என்ற ஒருவர் கூலியின்றிப் பராமரித்து வந்தார். சோர்ந்திருந்த அவரைத் தாமதம், தாமதம் என்று சிலர் நச்சரித்தார்கள். 2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் முகம் காட்டாத ஒருவர் உதவிக்கு வந்து, நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் கைப்பற்றினார்.

2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் வேலையைக் காட்டினார். எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லாத வரிகள், வெளியீட்டு மூட்டையின் ஸ்கிரிப்டில் மட்டும் இருந்தன. லினக்ஸ் பொதி கட்டப்படுகிறதா என்று அது பார்க்கும். ஆமென்றால், சோதனைக் கோப்புகளில் ஒளித்த நஞ்சை எடுத்து உள்ளே சேர்க்கும். கள்ளச்சாவி வைத்திருப்பவன் தொலைவிலிருந்தே நுழைய அது வழி!

கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்தார். மார்ச் 29-ல் சூழ்ச்சி அம்பலமாயிற்று. பரவலாகப் போய்ச் சேருமுன் பிடிபட்டது.

"திறந்து வைத்ததால்தான் திருடன் வந்தான், பூட்டி வையுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். இது தவறு. பூட்டிய கிடங்கில் அந்தப் பொறியாளர் எதைத் துருவியிருப்பார்? குற்றம் திறந்ததில் இல்லை. பாதியைத் திறந்து பாதியை மூடியதில் இருக்கிறது.

நமக்கென்ன என்று இருக்க முடியுமா? நமது ரேஷன் கணக்கும், பி.எப். கணக்கும், கூலி விழும் வங்கிக் கணக்கும் கம்ப்யூட்டருக்குள் அல்லவா இருக்கின்றன!

ஆகவே நாம் கேட்கிறோம்: மக்கள் பணத்தில் வாங்கும் மென்பொருளின் நிரலோடு, அதைக் கட்டும் ஸ்கிரிப்டும் வெளியில் வரட்டும். அதே நிரலை வேறொருவர் தனியே கட்டினால், இம்மி பிசகாமல் அதே பொதி வர வேண்டும். சந்தேகப்பட்ட மூட்டையை மறுபடி எடை போடுவது போன்றதே இது. டெபியன் தொண்டர்கள் பத்தாண்டுக்கு மேலாக இதற்காக உழைத்து வருகிறார்கள்.

இன்னொன்று: இந்த வேலையைச் செய்பவர்களுக்குக் கூலி கொடுங்கள்! உலகத்துச் சுமையை ஒற்றை ஆள் தோளில் ஏற்றிவிட்டு, அவர் தடுமாறினால் பழி சொல்வது எந்த ஊர் நியாயம்?